காணாமல் போன அடிப்பைப்

வெள்ளாட்டங்குளத்துக்காரர்களுக்கு அறிவு கொஞ்சம் குறைச்சல் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் பேசிக்கொள்வார்கள். அதெல்லாம் வயிற்றெரிச்சல். இருக்கிற அறிவைக் கண்டபடி செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிற ஊர் அது. ஊர் எல்லையில் "மெதுவாகச் செல்லவும்" என்று பலகை வைத்த நாளிலிருந்து, அந்த இடத்தில் ஓடிப்போய் பஸ் பிடித்தவன் ஒருவன் கிடையாது. பஸ் கிளம்பிப் போய்விடும். இவர்கள் பலகையைத் தாண்டும்வரை அன்னநடை நடந்து வந்து, போன பஸ்ஸின் புழுதியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சட்டத்தை மதிக்கிறவர்களைக் கேலி பண்ணுகிற காலமாகப் போய்விட்டது, என்ன செய்ய?

அந்த ஊரில் இருசக்கர வாகன முன்னேற்ற மன்றம் என்று ஒன்று உண்டு. தலைவர் சீனிப்பாண்டி. செயலாளர் கெங்கையா. பொருளாளர் அய்யலு. எல்லாருக்கும் பதவி கொடுத்துவிட்டால் உறுப்பினர் என்று ஒருவனாவது வேண்டாமா? அதுதான் வெயிலுமுத்து. மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை இருந்தது, ஒரு ஹெல்மெட் இருந்தது, ஒரு ஹாரன் இருந்தது, வாசலில் நல்ல கனத்த இரும்புப் பைப்பில் கொடிக்கம்பமும் இருந்தது. இருசக்கர வாகனம் மட்டும் இல்லை. கொடியில் முன்பக்கம் ஒரு சக்கரம் வரைந்திருக்கும், பின்பக்கம் ஒரு சக்கரம் வரைந்திருக்கும். "ரெண்டும் சேந்தா இருசக்கரம்" என்று தலைவர் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்வார்.

முழு வண்டி வாங்க வழி இல்லாததால், உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்து ஒரு நாள் வண்டியாக்கிவிடுவது என்று மன்றம் தீர்மானித்திருந்தது. அந்த வேலை வெயிலுமுத்துவுக்கு. டவுன் சந்தைக்குப் போகிறபோதெல்லாம் தங்கப்பழம் அண்ணாச்சியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு நட்டோ ஒரு வாஷரோ வாங்கிக்கொண்டு வருவான். கல்லாவில் அண்ணாச்சியின் மகள் பூரணவல்லி இருப்பாள்.

"இப்படி ஒண்ணொண்ணா வாங்குனா வண்டி எப்பங்க முடியும்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அவசரமில்லைங்க. எங்கள்ல யாருக்கும் ஓட்டத் தெரியாது" என்றான் வெயிலுமுத்து.

அவள் சிரித்தாள். அவனுக்கு அன்றைக்கு வாங்கின வாஷர் கையிலிருந்து எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. அவளுக்கும் இவனைப் பிடித்துப்போயிற்று. வருகிறவனெல்லாம் பேரம் பேசி மூஞ்சியைச் சுளிக்கிற கடையில், கொடுத்த நட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போகிற ஆள் இவன் ஒருவன்தானே? காதலுக்குக் கண்ணில்லை என்பார்கள். வேறு ஒன்றிரண்டும் இல்லை போலிருக்கிறது.

விஷயம் அண்ணாச்சியின் காதுக்குப் போயிற்று. அண்ணாச்சி நல்ல மனுசர். கோபம்கூட அவருக்கு மரியாதையாகத்தான் வரும். அடுத்த சந்தையன்று வெயிலுமுத்துவைக் கடைக்குள் கூப்பிட்டு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்.

"தம்பி, எனக்கு ஒத்தப் பொண்ணு. வர்ற மாப்ள இந்தக் கடையையும் பாத்துக்கிடணும். ஒருத்தன் வந்து லெக் கார்டு குடுன்னு கேப்பான், ஒருத்தன் எஞ்சின் போல்ட்டு குடுன்னு கேப்பான். முதல்ல அவன் வண்டியோட ஃப்ரேம் எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் பொருளை எடுத்துக் குடுக்க முடியும். அது தெரியாதவனுக்குக் கடையும் கிடையாது, பொண்ணும் கிடையாது."

"சரிங்க அண்ணாச்சி."

"வாசல்ல நிக்குதுல்ல, அது நான் ஓட்டுற வண்டி. கொண்டுட்டுப் போங்க. அதோட ஃப்ரேம் என்ன வகைன்னு பாத்துட்டு, வெள்ளிக்கிழமை வந்து உங்க வாயால சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா ஆவணியில கல்யாணம். இல்லாட்டியும் ஆவணியில கல்யாணம்தான், மாப்ள வேற ஆளு. இடம் பாத்து வச்சிருக்கேன்."

வெயிலுமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எழுந்து கும்பிட்டான்.

"இன்னொண்ணு. வண்டி இங்க இருந்து எப்படிப் போகுதோ, அப்படியே திரும்பி வரணும்" என்றார் அண்ணாச்சி.

வாசலில் பூரணம் நின்றிருந்தாள். "கெட்டிக்காரத்தனமா எதுவும் செஞ்சிராதீங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க, அது போதும்" என்று மெல்லச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அவளாவது தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைக்கிறாளே என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது.

வண்டியை ஊர்வரை தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்ததும் மன்றத்தின் அவசரக் கூட்டம் கூடியது. ஃப்ரேம் என்றால் என்ன என்பதே முதல் விவாதம். அது விவாதத்தில் தீராததால், டவுனில் மெக்கானிக் கடை வைத்திருக்கிற சிக்கந்தர் பாயிடம் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. டவுனிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள், மறுபடி டவுனுக்குப் போனார்கள்.

பாய் ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கை வேலையில் இருக்க, வாய் மட்டும் பாடம் நடத்தியது.

"ஃப்ரேமுங்கிறது வண்டியோட எலும்புக்கூடு. மத்ததெல்லாம் அதுலதான் மாட்டியிருக்கும். முதல் வகை தொட்டில் ஃப்ரேம். ஹேண்டில்பார் கழுத்துல இருந்து முன்பக்கமா ஒரு பைப் இறங்கி, எஞ்சினுக்கு அடியில போயி, பின்பக்கம் ஏறும். எஞ்சின் அதுல பச்சப்புள்ள மாதிரி படுத்துக்கிடும். ஒரு பைப் இறங்குனா ஒத்தத் தொட்டில். ரெண்டு இறங்குனா ரெட்டைத் தொட்டில்."

"ரெட்டைப் புள்ளையா பாய்?" என்று கெங்கையா கவலையாகக் கேட்டார்.

"புள்ள ஒண்ணுதாம்ப்பா. பைப்புதான் ரெண்டு. அடுத்தது முதுகெலும்பு ஃப்ரேம். மேல ஒரே தடிப் பைப்பு. எஞ்சின் அதுல வௌவால் மாதிரி தொங்கும். மூணாவது பந்தல் ஃப்ரேம். சின்னச் சின்னப் பைப்பை முக்கோணம் முக்கோணமா ஒட்டி, பாகற்காய்ப் பந்தல் மாதிரி பின்னியிருப்பான். நாலாவது ஒண்ணு இருக்கு. நம்ம பக்கம் நெறையா ஓடுறது அதுதான். அதைத்தான் நல்லாக் கவனிக்கணும், என்னன்னா..."

தலைவர் சீனிப்பாண்டி கையை உயர்த்தினார். "போதும் பாய். மூணு வகை மண்டையில ஏத்தியாச்சு. இன்னொண்ணு ஏத்துனா முதல்ல ஏத்துனது கீழ விழுந்துரும்."

நாலாவதையும் கேட்டுவிடலாமே என்று வெயிலுமுத்துவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தலைவர் பேசியபிறகு உறுப்பினர் பேசுவது மன்ற வழக்கம் இல்லை. விழுங்கிக்கொண்டான்.

"சரி பாய், ஃப்ரேமைப் பாக்கிறது எப்படி?" என்று தலைவரே கேட்டார்.

"மேல இருக்கிறதையெல்லாம் கழட்டுனா தன்னால தெரியும்" என்று சொல்லிவிட்டு பாய் தன் வேலையைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார்கள். சீட்டைக் கழற்றினார்கள். பக்கத்து மூடிகளைக் கழற்றினார்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றிச் சாக்கில் வைத்தார்கள். கெங்கையா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்.

"தலைவரே, மேல இன்னும் இருக்கே."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கொட்டகையின் கூரைத் தகரம் இருந்தது. பாய் சொன்னது சொன்னதுதான். ஏணி கொண்டுவந்து தகரத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கீழே அடுக்கினார்கள். அதற்கு மேலே இன்னொன்று தெரிந்தது.

"வானம்" என்றார் அய்யலு.

"அது எட்டாது" என்றார் கெங்கையா.

"எட்டாதுன்னு விட்டா எப்படி? பாய் எல்லாத்தையும்னுதானே சொன்னாரு?"

வெகுநேரம் வாதப் பிரதிவாதம் நடந்தது. கடைசியில், வானத்தைக் கழற்றுகிற விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுவதாகத் தலைவர் அறிவித்தார்.

வானத்தைக் கழற்றாமல் விட்ட வினை, மத்தியானமே மழை கொட்டித் தீர்த்தது. அந்தக் கரிசல் பூமியில் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றினாலும் வராத மழை, கொட்டகைக்குக் கூரை இல்லை என்று யார் போய்ச் சொன்னார்களோ, ஓடி வந்துவிட்டது. வண்டி நனைந்து பளபளவென்று ஆகிப்போயிற்று. வெயிலுமுத்து தலையில் கைவைத்தான்.

"அய்யய்யோ, வண்டி எப்படிப் போச்சோ அப்படியே வரணும்னு அண்ணாச்சி சொன்னாரே! அது அழுக்காத்தானே வந்துச்சு?"

மன்றம் கைவிடுமா? மழை எட்டாத டவுன் ரோட்டுப் புழுதியை ஒரு சட்டிநிறைய அள்ளிவந்து வண்டிக்குப் பூசினார்கள். சீட்டில் காக்காய் எச்சம் ஒன்று இருந்தது, அதையும் மழை கரைத்துவிட்டது. அதற்காக அய்யலு வேப்பமரத்தடியில் சீட்டை வைத்துவிட்டு, அண்ணாந்தபடி பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். பொதுவாழ்க்கை என்று வந்துவிட்டால் இதெல்லாம் பார்க்க முடியுமா?

மேலே இருந்ததெல்லாம் போனபிறகும் ஃப்ரேம் சரியாகத் தெரியவில்லை. நடுவில் எஞ்சின் மறைத்துக்கொண்டு நின்றது. "அதையும் இறக்கு" என்றார் தலைவர். போல்ட்டுகளைக் கழற்றி எஞ்சினை இறக்கினார்கள். இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்கள்.

கழுத்திலிருந்து முன்பக்கமாக ஒரு பைப் இறங்கி வந்தது. எஞ்சின் இருந்த இடத்துக்கு முன்னால் சட்டென்று நின்றுபோனது. பின்பக்கமிருந்து ஒரு பைப் இறங்கி வந்தது. அதுவும் அந்தரத்தில் நின்றது. இரண்டுக்கும் நடுவில், அடியில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று.

கேட்கிறவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி வண்டி, பாய் சொல்ல வந்த அந்த நாலாவது வகை. டயமண்ட் ஃப்ரேம் என்பார்கள். அதில் அடிப்பைப்பே கிடையாது. எஞ்சினை இரண்டு முனைக்கும் நடுவில் வைத்து போல்ட்டு போட்டு முறுக்கிவிடுவார்கள், எஞ்சினே மிச்ச ஃப்ரேமாக நின்று வண்டியைத் தாங்கும். எஞ்சினைக் கழற்றினால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். இது நமக்குத் தெரிகிறது. மண்டையில் மூன்று வகையோடு நிறுத்திக்கொண்ட மன்றத்துக்கு எப்படித் தெரியும்?

"அடிப்பைப்பைக் காணோம்" என்றார் தலைவர் தழுதழுத்த குரலில்.

வெயிலுமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பூரணத்தின் சிரிப்பு கண்ணுக்குள் வந்து போயிற்று. மாமனார் ஆகப்போகிறவர் நம்பிக் கொடுத்த வண்டியில் ஒரு முழுப் பைப்பைத் தொலைத்துவிட்டுப் போய் நின்றால் எந்த மனுசன் பெண் கொடுப்பான்? வெள்ளிக்கிழமை வேறு பக்கத்தில் வந்துவிட்டது.

கொட்டகையைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். தகர அடுக்கைப் புரட்டினார்கள். சைலன்சருக்குள் கையைவிட்டுப் பார்த்தார்கள். பைப் கிடைக்கவில்லை. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிற பார்வை மாறியது.

"மழை பெய்யிறப்ப நீ எங்க போன?" என்று கெங்கையாவை அய்யலு கேட்டார்.

"நான் ஒதுங்கத்தான் போனேன். நீ வேப்பமரத்தடியில என்ன பண்ணுன?"

"காக்காய்க்குக் காத்திருந்தேன். ஊரே பாத்துச்சு."

இப்படிப் பேச்சு முற்றிக் கைகலப்புக்குப் போகும்போல இருந்தது. வெள்ளாட்டங்குளத்தில் ஒரு பொருள் காணாமல் போனால், காளியம்மன் கோயிலில் கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். அதுதான் அந்த ஊரில் விசாரணை, தீர்ப்பு எல்லாம். நாலு பேரும் போனார்கள். தலைவர் அணைத்தார், கெங்கையா அணைத்தார், அய்யலு அணைத்தார், வெயிலுமுத்தும் அணைத்தான். யாருக்கும் கை சுடவில்லை. ஆக எடுத்தவர்கள் யாரும் இல்லை. திரும்பி வரும் வழியில் வெயிலுமுத்துவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் முளைத்தது. அந்த இடத்தில் இருந்தவர்களில் சத்தியம் பண்ணாதது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதைச் சொல்ல அவன் வெறும் உறுப்பினர்தானே? மறுபடியும் விழுங்கிக்கொண்டான்.

மன்றம் அவனை நடுத்தெருவில் விட்டுவிடவில்லை. அதையும் சொல்லவேண்டும். "ஒரு உறுப்பினரோட வாழ்க்கையை விட ஒரு கம்பம் பெருசா?" என்று தலைவர் கண்கலங்கி, கொடிக்கம்பத்தைப் பிடுங்கச் சொன்னார். அதை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய், வேண்டிய அளவு அறுத்து, வளைத்து, அந்தரத்தில் நின்ற இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டவைத்தார்கள். பட்டறைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. வெள்ளாட்டங்குளத்துக்காரர்களிடம் கேள்வி கேட்டால் பதில் வரும் என்ற பயம் அவருக்கு.

இப்போது ஃப்ரேம் ஒத்தத் தொட்டில் மாதிரி அம்சமாக இருந்தது. எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். இறங்கவில்லை. எண்ணெய் தடவினார்கள். இறங்கவில்லை. எஞ்சின் உட்காருகிற இடத்தில்தான் கொடிக்கம்பம் உட்கார்ந்திருக்கிறதே, எப்படி இறங்கும்?

கெங்கையா நெடுநேரம் யோசித்துக் காரணம் கண்டுபிடித்தார். "மழைத்தண்ணியில ஊறி எஞ்சின் பெருத்துப்போச்சு. எங்க வீட்டுக் கதவும் இப்படித்தான், மழைக்காலத்துல நிலையில சேராது."

உடனே எஞ்சினைக் கோரைப்பாயில் வைத்து வற்றல் காயப்போடுவதுபோல கெங்கையா வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்டார்கள். அப்பப்போ திருப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் இறக்கிப் பார்த்தபோது அது துளியும் சுருங்கியிருக்கவில்லை.

"அண்ணாச்சி ஃப்ரேமைப் பத்தித்தான் கேட்டாரு. எஞ்சினைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. எஞ்சின் தனியா வரட்டும்" என்று தலைவர் முடிவு சொல்லிவிட்டார்.

மிச்ச சாமான்களை எல்லாம் பொருத்தி, வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். கிளம்புகிற இடத்திலேயே ஒரு சிக்கல். வண்டியை டவுனை நோக்கித் திருப்பப் போன வெயிலுமுத்துவைக் கெங்கையா தடுத்தார்.

"நில்லு வெயிலு. அன்னைக்கு வண்டி வர்றப்ப அதோட மூஞ்சி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"நம்ம ஊர்ப் பக்கம்."

"அண்ணாச்சி என்ன சொன்னாரு? எப்படிப் போகுதோ அப்படியே திரும்பி வரணும்னு. அப்ப மூஞ்சி நம்ம ஊர்ப் பக்கம்தானே இருக்கணும்?"

ஆகவே வண்டியைத் திருப்பாமல், பின்பக்கமாகவே டவுன்வரை உருட்டிக்கொண்டு போனார்கள். வெயிலுமுத்தும் தலைவரும் ஹேண்டில்பாரை முட்டித் தள்ள, கெங்கையாவும் அய்யலுவும் ஒரு கழியில் வேட்டியைத் தூளியாகக் கட்டி, அதில் எஞ்சினைப் போட்டுச் சுமந்து வந்தார்கள். தொட்டில் பழகின எஞ்சின், சும்மா தூக்கினால் மிரளும் என்பது அய்யலுவின் கருத்து. எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடை வாசலில் அண்ணாச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்த வெற்றிலை வாய்க்குப் போகவில்லை. அவருடைய வண்டி பின்னழகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. அதன் வயிற்றில் ஒரு கொடிக்கம்பம் இருந்தது. தூளியில் எஞ்சின் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது? எப்படிப் போச்சோ அப்படியே வரணும்னு சொன்னேனே!"

"அதுல ஒரு குறை சொல்லுங்க பாப்போம்" என்றார் தலைவர் சீனிப்பாண்டி. "மூஞ்சி அதே திசை. புழுதி உங்க ரோட்டுப் புழுதி. சீட்டுல பாருங்க, காக்காய் எச்சம், அதே இடம்."

அண்ணாச்சிக்கு மரியாதையான கோபம் வந்தது. வெயிலுமுத்துவின் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களைத்தான் கேட்டேன். உங்க வாயால சொல்லுங்க. என் வண்டி ஃப்ரேம் என்ன வகை?"

கல்லாவில் பூரணம் எழுந்து நின்றாள். வெயிலுமுத்துவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளாக விழுங்கினதெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது.

"பேரு தெரியல அண்ணாச்சி. பொய் சொல்ல மாட்டேன். எஞ்சின் இருந்தவரைக்கும் ஃப்ரேம் முழுசா நின்னுச்சு. எஞ்சினை எடுத்ததும் அடிப்பக்கம் காணோம். நாங்க நாலு பேரும் கற்பூரம் அணைச்சுட்டோம். அணைக்காதது எஞ்சின் மட்டும்தான். உங்க ஃப்ரேமோட மிச்சப் பாதி எஞ்சின்கிட்டதான் இருக்கு அண்ணாச்சி. காளியம்மன் சத்தியமா அதுகிட்டதான் இருக்கு. எஞ்சின் இல்லாட்டி அது பாதி ஃப்ரேம்தான்."

அண்ணாச்சி கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பேரை ஒப்பித்தவர்கள் உண்டு. ஃப்ரேமின் மிச்சப் பாதி எஞ்சின்தான் என்று பொட்டில் அடித்த மாதிரிச் சொன்னவன் ஒருவன் கிடையாது.

"அப்பா, சரியாத்தானே சொல்லியிருக்காக?" என்றாள் பூரணம்.

"சரியாத்தாம்மா சொல்லிட்டான், பாவிப்பய" என்றார் அண்ணாச்சி. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். ஆவணியில் முகூர்த்தம் குறித்தார். அதற்குமுன் நாலு பேரையும் வரிசையாக நிறுத்தினார்.

"கல்யாணம் நடக்கும். ஆனா என் வண்டியைத் தொடுறவங்களுக்கு இனிமே ஒரே சட்டம். இங்க இருந்து போனாலும் சரி, அங்க இருந்து வந்தாலும் சரி, எப்படி வந்துச்சோ அப்படியே போகணும். எஞ்சின் மாதிரி ஒண்ணு குறையவும் கூடாது, கொடிக்கம்பம் மாதிரி ஒண்ணு கூடவும் கூடாது. எந்த வண்டியா இருந்தாலும் இதுதான். என் மக தலைமேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்கள். வெயிலுமுத்து மற்றவர்களைவிட உரக்கப் பண்ணினான்.

ஆவணியும் வந்தது. அதற்குள் தலைவர் சீனிப்பாண்டி கார் ஓட்டப் பழகியிருந்தார். ரிவர்ஸ் கியர் அவருக்கு மற்றதைவிடச் சுலபமாக வந்தது. மாப்பிள்ளையை அழைத்துவர அண்ணாச்சி தன் காரையே அனுப்பிவைத்தார். தலைவர் ஓட்ட, மாலையும் கழுத்துமாக வெயிலுமுத்து பக்கத்தில் உட்கார, கெங்கையாவும் அய்யலுவும் பின்னால் ஏறிக்கொள்ள, நாலு பேரும் டவுன் மண்டபத்துக்கு வந்து இறங்கினார்கள். வெயிலுமுத்து தாலி கட்டினான். மேளம் கொட்டியது. பூரணத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பாயசத்தை இலைக்கு வெளியே ஊற்றவைத்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஆரத்தி கரைத்து வைக்க வேனில் முன்னாலேயே வெள்ளாட்டங்குளத்துக்குப் போய்விட்டார்கள். பந்திக் கணக்கு பார்க்க அண்ணாச்சி சமையல்கட்டில் நின்றுவிட்டார். மணப்பெண்ணைக் காரில் ஏற்றினார்கள். அப்போதுதான் கெங்கையா கதவைப் பிடித்தபடி நின்றார்.

"தலைவரே, வர்றப்ப நாம நாலு பேரு. இப்ப மதினியோட அஞ்சாச்சே. ஒண்ணு கூடுதே."

எல்லாருக்கும் சத்தியம் ஞாபகம் வந்தது.

"யாராவது ஒருத்தர் இறங்கணும்" என்றார் தலைவர். "நான் ஓட்டணும்."

"ஊர் எல்லையில சங்கு ஊதி வரவேற்பு ஏற்பாடு பண்ணியிருக்கேன். நான் இருக்கணும்" என்றார் கெங்கையா.

"என் மடியில மன்றத்து ஹெல்மெட் இருக்கு" என்றார் அய்யலு.

"மதினியை இறக்க முடியாது. அவங்களுக்குத்தான் ஆரத்தியே" என்றார் கெங்கையா.

மிச்சம் இருந்தது ஒருவன்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"மாப்ளைக்கு இன்னைக்கு என்ன வேலை? தாலி கட்டுறது. அது கட்டியாச்சு" என்றார் தலைவர்.

வெயிலுமுத்து எல்லாப் பக்கமும் புரட்டி யோசித்தான். அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. காரைவிட்டு இறங்கினான்.

"உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா?" என்று பூரணம் கத்தினாள். "கல்யாண மாப்ளையை விட்டுட்டு நான் மட்டும் போயி விளக்கேத்தவா?"

"பூரணம், உன் தலைமேல சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றான் வெயிலுமுத்து. "அதை மீறி உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தலையில் அடித்துக்கொண்டாள். கார் மண்டபத்தைப் பார்த்தபடி வந்து நின்றதால், திருப்பாமல் அப்படியே ரிவர்ஸில் கிளம்பியது. அதில் ஒரு நன்மை. முன்சீட்டில் இருந்த பூரணத்துக்கு, தெரு முனை திரும்பும்வரை புருசன் முகம் நேருக்கு நேராகத் தெரிந்துகொண்டே இருந்தது. மாலையும் கழுத்துமாக நின்று, கார் மறையும்வரை அவன் கையாட்டினான்.

சமையல்கட்டிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்த அண்ணாச்சி, காலி மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருந்த மருமகனைப் பார்த்துத் திடுக்கிட்டார். வெயிலுமுத்து விவரம் சொன்னான். அண்ணாச்சி தூணைப் பிடித்துக்கொண்டார்.

"சரி மாப்ள, இப்ப ஒரு பஸ் இருக்கு. ஓடிப்போயி ஏறுங்க."

"எப்படி மாமா? அந்த பஸ்ஸுல நான் வரலையே. இப்ப ஏறுனா அதுல ஒண்ணு கூடிருமே. எந்த வண்டியா இருந்தாலும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அண்ணாச்சி கோபப்பட வாயைத் திறந்தார். மகள் தலைமேல் வாங்கின சத்தியம் ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டார். மருமகன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விரலைவிட்டு எண்ண ஆரம்பித்தார்.

"நாளைக்கு மறுவீடு. கார் இங்க வரும். அந்த மூணு பேரும் பூரணமும், ஆக நாலு பேரு. திரும்பிப் போறப்பவும் நாலு பேருதான் போகணும். அப்ப யாராவது ஒருத்தரை இங்க இறக்கிட்டா, நீங்க ஏறிக்கிடலாம்."

"இறங்குறது யாரு மாமா?"

"சீனிப்பாண்டி ஓட்டணும். கெங்கையாவுக்குச் சங்கு இருக்கு. அய்யலு மடியில ஹெல்மெட் இருக்கும்..." அண்ணாச்சியின் விரல் நாலாவதில் வந்து நின்றது. முகம் பளிச்சென்று ஆனது. "பூரணத்துக்கு நாளைக்கு என்ன வேலை? மறுவீட்டுக்கு வர்றது. வந்தாச்சுன்னா அவ வேலை முடிஞ்சுது. அவ இறங்கிக்கிடட்டும், நீங்க ஏறிப் போயிருங்க."

வெயிலுமுத்துவுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து, மாலை தரையில் புரள, மாமனார் காலில் விழுந்து கும்பிட்டான்.